நெருப்பு இல்லாத முகாம் மாலை: எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

காட்டுத்தீ பயத்தால் தடை போட்டிருப்பார்கள், இல்லையென்றால் விறகெல்லாம் நனைந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் கூட வந்தவருக்கு ஆஸ்துமா இருக்கும். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு டென்ட்டுக்குள் போய்விடுகிறார்கள், மணி எட்டு கூட ஆகியிருக்காது.

உடனே எல்லாரும் நெருப்புக்குப் பதிலாக வைக்க ஒரே ஒரு பொருளைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. நெருப்பு ஒரே நேரத்தில் ஐந்தாறு வேலை பார்க்கிறது: சூடு தருகிறது, வெளிச்சம் தருகிறது, தண்ணீர் கொதிக்க வைக்கிறது, கண்ணுக்குப் பார்க்க ஒரு இடம் தருகிறது, சும்மா இருக்கும் கைக்கு விறகைத் தள்ளிவிடும் வேலை தருகிறது. உங்கள் மாலையில் இதில் எது குறைகிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்யுங்கள். கீழே அறிகுறி அறிகுறியாகப் பிரித்திருக்கிறேன், உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். கார்பன் மோனாக்சைடு பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி: ஜாக்கெட் போட்டிருக்கிறேன், ஆனாலும் நடுங்குகிறது

எங்கே குளிர்கிறது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இடத்துக்கு இடம் வைத்தியம் வேறு.

பின்புறமும் முதுகும் சில்லிடுகிறதா? நாற்காலிதான் காரணம். மடக்கு நாற்காலியின் துணி மெல்லியது, அடியில் காற்று தாராளமாகப் போய்வரும், உங்கள் எடை ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் அமுக்கிவிடுவதால் துணிக்குள் காற்று தங்க இடமே இருக்காது. சூட்டைப் பிடித்து வைப்பது துணியைவிட அதற்குள் அடைபட்ட காற்றுதான். எனவே போர்வையை மேலே போர்த்துவதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு ஃபோம் மேட்டை விரியுங்கள், முதுகு வரைக்கும் வரட்டும். தூங்குவதற்குக் கொண்டுவந்த மேட்டையே பாதியாக மடித்துப் போட்டால் போதும். பலர் மேலே போர்வைக்கு மேல் போர்வையாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள், அடியில் ஒன்றும் இருக்காது, அப்புறம் குளிர்கிறது குளிர்கிறது என்பார்கள்.

பாதம் குளிர்கிறதா? ஷூ தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தரை சூட்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். காலுக்கடியிலும் ஒரு துண்டு ஃபோம் போடுங்கள், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலும் சரி. பகலில் நடந்த சாக்ஸை இருட்டும் முன்னால் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டுங்கள், கையில் தொட்டால் ஈரம் தெரியாவிட்டாலும் அதில் வியர்வை இருக்கும். உள்ளாடை, பனியன் விஷயமும் இதேதான். பருத்தி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது. கம்பளியோ பாலியஸ்டரோ போட்டால் அந்தத் தொல்லை குறைவு. இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கக் கட்டுவதும் வேலைக்கு ஆகாது, ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

உடம்பு முழுக்கக் குளிர்கிறதென்றால் பெரும்பாலும் தாமதமாக உடுத்தியிருப்பீர்கள். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் சூடு உடம்பிலிருந்து வெளியேறுகிறது. கனமான ஜாக்கெட் புதிதாகச் சூடு எதையும் உண்டாக்காது, இந்த 100 வாட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் அதற்குள் நிறையச் சூடு வெளியே போயிருக்கும். வெயில் சாய்ந்ததும், இன்னும் குளிரவில்லையே என்று தோன்றும்போதே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே குளிர் ஏறிவிட்டதென்றால் எழுந்து பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்து போர்த்திக்கொள்ளுங்கள், வியர்க்கும் அளவுக்கு வேண்டாம். தலைவழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்று சொல்வது கட்டுக்கதை, தலை உடம்பின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்து வைத்தால் அது தெரியத்தான் செய்யும், குல்லா போடுங்கள்.

மது அருந்தினால் சூடாக இருக்கும் என்பதையும் நம்பாதீர்கள். தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றுகிறது, ஆனால் அதே காரணத்தால்தான் உள்ளே இருக்கும் சூடு வேகமாக வெளியே போகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வைத்தியம் வெந்நீர்ப் பை. 1 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் சூடு சுமார் 40 வாட்-மணி. 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்றில் முழு சார்ஜில் இருப்பதே 37 வாட்-மணிதான். அதாவது பேட்டரியில் ஓடும் சூடேற்றும் ஜாக்கெட்டெல்லாம் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரப்பர்ப் பையும் ஒரு கெட்டிலும் எவ்வளவு தரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரப்பர்ப் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, சாக்ஸிலோ துண்டிலோ சுற்றி மடியில் வைத்துப் போர்வையை மேலே போடுங்கள். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுவதால் அங்கே வைத்தால் வயிற்றில் வைப்பதைப் போலவே நன்றாகச் சுடும். பை இல்லையென்றால் சூடு தாங்கும் கெட்டியான பாட்டில் போதும். கடையில் தண்ணீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம், சுருங்கி ஒழுகும். வெற்றிடச் சுவர் கொண்ட ஃபிளாஸ்க்கும் இதற்கு உதவாது, சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்.

இடத்தையும் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆற்றங்கரைப் பள்ளத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். காற்று வீசினால் வீசும் பக்கம் ஒரு தார்ப்பாயைத் தாழ்வாகச் சரித்துக் கட்டுங்கள்.

அறிகுறி: அடுப்பையோ கரிச்சட்டியையோ டென்ட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன என்று யோசனை ஓடுகிறது

வேண்டாம். இதில் நடுவழி எதுவும் கிடையாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி என்று வரும். பகலெல்லாம் நடந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், ஆபத்தே அங்கேதான். கரி அணைந்துவிட்டதுபோலத் தெரிந்த பிறகும் மணிக்கணக்கில் இந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் விளக்கு எதுவானாலும் டென்ட்டுக்குள்ளும் வேண்டாம், ஜிப்பை மூடிய முன்வாசல் பகுதியிலும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. கூட வந்த இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து திறந்தவெளியில் உட்கார வைத்து அவசர உதவியை அழையுங்கள். காரணத்தை ஆராய்வதெல்லாம் அப்புறம்.

அறிகுறி: குளிரவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது

இது விளக்குக் கோளாறு. அதிக வெளிச்சம், தப்பான நிறம், தப்பான உயரம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

வெளிச்சத்தின் அளவை லூமெனில் சொல்வார்கள், ஒரு மெழுகுவத்தி தருவது சுமார் 12 லூமென். ஹெட்லேம்ப் ஒன்று முழு வெளிச்சத்தில் 300 லூமெனைத் தாண்டிவிடும். உட்கார்ந்து பேச 30, 40 லூமென் தாராளம். நிறத்தைப் பொறுத்தவரை, மெழுகுவத்திச் சுடரின் வண்ண வெப்பநிலை சுமார் 1,900 கெல்வின், மஞ்சள் எல்இடி பல்புகள் 2,700 அளவில் இருக்கும், வெள்ளை வெளேரென்று எரிபவை 6,000 பக்கம். வாங்கும்போது பெட்டியில் இந்த எண்ணைப் பாருங்கள், 3,000-க்குக் கீழே இருப்பதை எடுங்கள். கையில் இருப்பது வெள்ளை விளக்குதான் என்றால் மஞ்சள் துணியோ காகிதமோ சுற்றலாம், ஆனால் எல்இடிக்கு மட்டும்தான், சூடாகும் விளக்கில் எதையும் சுற்றாதீர்கள்.

விளக்கை மேசை நடுவில் கண் மட்டத்தில் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, கண்தான் கூசும். தரையோடு தரையாக வைக்கலாம், இல்லை தலைக்கு மேலே நன்றாக உயரத்தில் தொங்கவிடலாம். எனக்குத் தரையில் வைப்பதுதான் பிடிக்கும். நெருப்பு வெளிச்சமும் கீழிருந்துதானே முகத்தில் விழும், அந்தப் பழக்கத்தால் அது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய வெள்ளை பிளாஸ்டிக் கேனை எடுத்து, ஹெட்லேம்பை உள்பக்கம் பார்க்கும்படி அதில் கட்டிவிட்டால் கேன் முழுக்க மெதுவாக ஒளிரும். கண்ணாடிபோல் தெளிவான கேனில் அந்த அளவுக்கு வராது, கொஞ்சம் மங்கலான பிளாஸ்டிக் நல்லது.

இன்னொன்று: ஹெட்லேம்பை நெற்றியில் வைத்துக்கொண்டே பேசும் ஆள் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பேசுபவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் எல்லார் கண்ணிலும் அடிப்பார். கழற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: கொசுவும் பூச்சியும் உட்கார விடவில்லை

விளக்கைச் சுற்றுவதும் உங்களைக் கடிப்பதும் வேறு வேறு கூட்டம். விட்டில் வகையறாக்களுக்கு நீலமும் புற ஊதாவும் கலந்த வெள்ளை ஒளி பிடிக்கும், மஞ்சளுக்கு மாறினால் அது பெரும்பாலும் குறைந்துவிடும். கொசு உங்கள் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடையும் உடம்புச் சூட்டையும் வாசனையையும் தேடி வருகிறது, விளக்கை மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

கொசு அவ்வளவு வலுவாகப் பறக்காது, அதனால் காற்றுதான் நல்ல ஆயுதம். தென்றல் படும் இடமாகப் பார்த்து உட்காருங்கள், காற்றே இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள். தோலில் பூசும் கொசுவிரட்டியில் 20 முதல் 30 சதவீதம் டீட் உள்ளதோ 20 சதவீதம் பிக்காரிடின் உள்ளதோ நம்பகமானது. டீட் சில பிளாஸ்டிக்கையும் செயற்கைத் துணியையும் அரிக்கும், பூசிய கையோடு மூக்குக் கண்ணாடியையும் டென்ட்டையும் தொடாதீர்கள். கொசுவர்த்தியை டென்ட்டுக்குள் ஏற்றக் கூடாது, தடை போட்ட நாளில் வெளியிலும் ஏற்ற அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், அதுவும் கனல்தானே.

அறிகுறி: கேஸ் அடுப்பு எரிகிறது, ஆனால் உயிரே இல்லை

கேனிஸ்டரை, அதாவது கேஸ் அடைத்த டப்பாவை, குலுக்கிப் பாருங்கள். கேஸ் இருக்கிறது, சுடர் மட்டும் சுருங்கிவிட்டது என்றால் குளிர்தான் காரணம். பியூட்டேன் சுமார் 0 டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும், ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. அதோடு, கேஸ் ஆவியாகும்போது கேனிஸ்டரையே குளிர்விக்கும், அதனால் வெளியே 5 டிகிரி இருந்தாலும் பத்து நிமிடம் எரிந்த பிறகு உள்ளே அதைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்காலத்துக்குப் புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள். இப்போதைக்குக் கேனிஸ்டரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், அல்லது கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீரில் அரை அங்குலம் நிற்க வைக்கலாம். சுடரில் காட்டவே கூடாது. கேனிஸ்டர் மேலேயே உட்காரும் வகை அடுப்பில் காற்றுத் தடுப்பை முழு வட்டமாகச் சுற்றவும் கூடாது, சூடு தங்கிக் கேனிஸ்டர் அளவுக்கு மீறிச் சுடும்.

பாத்திரத்துக்கு மூடி போடுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பாதிப் பேர் போடுவதில்லை.

திறந்த நெருப்புக்குத் தடை என்றால் அடுப்பு தானாக அனுமதிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. பல இடங்களில் குமிழைத் திருகினால் அணையும் கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டு, விறகு அடுப்புக்கும் ஸ்பிரிட் அடுப்புக்கும் இருக்காது, தடை கடுமையாகும்போது கேஸ் அடுப்பும் போய்விடும். அன்றைய நிலவரத்தை அந்த இடத்தை நிர்வகிப்பவரிடமே கேளுங்கள். முழுத்தடை என்றால் பகலிலேயே வெந்நீரையும் சூப்பையும் ஃபிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டு வருவதுதான் வழி. முதலில் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்பினால் சூடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அறிகுறி: மழையே இல்லை, நாற்காலியும் போர்வையும் நனைந்துவிட்டன

பனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல்லும் துணியும் வானத்தை நோக்கிச் சூட்டை இழந்து சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் படியும். தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டினாலோ மரத்தடியில் உட்கார்ந்தாலோ பெரும்பாலும் நின்றுவிடும், உங்கள் உடம்புச் சூடும் அதேபோல வானத்துக்குப் போவது குறையும். மரத்தடி என்றால் மேலே காய்ந்த கிளை இல்லையா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அறிகுறி: குளிர் இல்லை, கொசு இல்லை, விளக்கும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் யாரும் பேசவில்லை, ஆளுக்கொரு போன்

இதுதான் உண்மையில் கஷ்டமான கோளாறு. பொருள் வாங்கித் தீராது.

நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அமைதியாக இருந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை, ஏனென்றால் எல்லாரும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது போனதும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, அந்தக் கூச்சத்தில்தான் கை போனைத் தேடுகிறது. போனை வாங்கிப் பையில் போடு என்று அதட்டுவதால் பிரயோஜனமில்லை. கண்ணுக்கும் கைக்கும் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். போனில் நெருப்பு வீடியோவை ஓடவிட்டு நடுவில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, போனைப் பார்ப்பதை நிறுத்த போனையே நடுவில் வைப்பானேன்?

நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள், இது முதல் வேலை. நெருப்புக்காக விட்ட பெரிய வட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒட்டாது. முழங்கால் முட்டும் தூரம் வரட்டும், நடுவில் அந்தக் கேன் விளக்கு. கைக்கு வேலையாகச் சீட்டுக்கட்டு, முடிச்சுப் போட்டுப் பழக ஒரு கயிறு, உரிக்க வேண்டிய தீனி, கத்தியும் ஒரு குச்சியும், எதுவானாலும் சரி. நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்க்கத் தேவையில்லாத வேலையாக இருந்தால் பேச்சு தானாக வரும்.

இல்லையென்றால் விளக்கையே அணைத்துவிடுங்கள். நெருப்பு இருக்கும் முகாமில் இதைச் செய்யவே முடியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து, அதனால் அவசரத்துக்கு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். மேட்டில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், கழுத்தை வளைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். கார்த்திகைக் கூட்டம் தெரியும் பருவம் என்றால் யாருக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்; பெரும்பாலானோர் ஆறு என்பார்கள், ஏழெட்டு சொல்பவரோடு சண்டை வரும், அதுவே அரைமணி நேரம் ஓடும். இருட்டிய கொஞ்ச நேரத்தில் மினுக்காமல், சிமிட்டாமல் வேகமாக வானத்தைக் கடக்கும் பளிச்சென்ற புள்ளி சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம், அது பூமியைச் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆகஸ்ட் 12, 13 பக்கம் பெர்சீட், டிசம்பர் 13, 14 பக்கம் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். அந்த இரவில் நிலவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், முழுநிலவில் பாதிக்கு மேல் தெரியாது.

குழந்தைகள் இருந்தால் டென்ட்டுக்குள் ஒரு சின்ன விளக்கை வைத்து நிழலாட்டம் ஆடவிடுங்கள், வெளியே இருப்பவர்கள் பார்வையாளர்கள்.

அறிகுறி: பக்கத்து டென்ட்காரர் முறைக்கிறார்

இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது சூடாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். விறகு வெடிக்கும் சத்தமும் இல்லாததால் நீங்கள் சாதாரணமாகப் பேசுவதே அவர் காதில் விழும். ஸ்பீக்கரை அணையுங்கள்.

அறிகுறி: மாலை நன்றாகப் போனது, படுத்த பிறகு குளிர்கிறது

ஸ்லீப்பிங் பேக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் மேட்டைப் பாருங்கள். உடம்புக்கு அடியில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கிவிடுவதால் தரையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது மேட் மட்டும்தான். மேட்டில் போட்டிருக்கும் ஆர் மதிப்பு அதிகமாக இருந்தால் காப்பும் அதிகம். சாதாரண ஃபோம் மேட் சுமார் 2 இருக்கும், தரை உறையும் குளிரில் 4-க்கு மேல் தேவைப்படும். இரண்டு மேட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். காற்று ஊதிய மேட்டும் ஃபோம் மேட்டும் சேர்ந்தால் நல்ல ஜோடி, மாலையில் நாற்காலியில் கிடந்த ஃபோமுக்கு இப்போது இந்த வேலை.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் வெப்பநிலை எண்களில் கம்ஃபர்ட் என்று இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரீம் என்று போட்டிருப்பது உயிர் பிழைக்கும் எல்லை, தூங்கும் எல்லை கிடையாது. குளிருது என்று தலையை உள்ளே இழுத்து மூச்சுவிடாதீர்கள், ஈரம் பஞ்சில் இறங்கும். வாத்து இறகு வகை நனைந்தால் பெரும்பகுதிச் சூட்டை இழந்துவிடும். டென்ட்டின் மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் விடியற்காலையில் உள்ளே சொட்டும். ஹெட்லேம்பும் போனும் பேக்கின் காலடியில் இருக்கட்டும், பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, ஒருவர் மட்டும் "என்ன இருந்தாலும் நெருப்பு மாதிரி வருமா" என்கிறார்

வராதுதான், வாதாட வேண்டாம். அந்த இடத்தில் அனுமதி இருந்தால் புரோப்பேனில் எரியும் கையடக்க நெருப்புத் தொட்டி ஒன்று கிடைக்கிறது, பொறி பறக்காது, குமிழைத் திருப்பினால் அணைந்துவிடும், அவருக்கு வேண்டிய சுடர் உண்மையாகவே இருக்கும். சமதரையில், காய்ந்த புல் இல்லாத இடத்தில், டென்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள், தார்ப்பாய்க்கு அடியில் வைக்காதீர்கள். கார் பக்கத்திலேயே நிற்கும் முகாமுக்குத்தான் இது சரிப்படும், முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு ஆகாது. அதற்கும் அன்று தடை என்றால் வெந்நீர்ப் பையை முதலில் அவர் மடியில் வைத்துவிட்டுச் சீட்டைக் கலைத்துப் போடுங்கள்.